யாருடன் நெடுநேரம் பேசுகின்றோம்?

தொலைபேசியின் பயன் யாது என்று ஒருவரை வினவினால், தூரத்தில் உள்ளவருடன் விரைவாகப் பேசுதற்கு உதவும் கருவி அது என்று விடை கூறுவார். அவ்விடையிற் பிழையில்லை. ஆயினும், நாம் தொலைபேசியிலே மிகுதியான நேரத்தைச் செலவிடுவது யாருடன் என்று சற்று நின்று எண்ணிப் பார்த்தால், அந்த விடை போதாது என்பது தெரியவரும்.

மருத்துவரைக் காண்பதற்கு நேரம் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். கடையிலே சீமெந்து வந்துவிட்டதா என்று அறிய அரை நிமிடம் போதும். புகையிரதம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்னும் வினாவுக்கு விடை பெற அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை. இவையெல்லாம் வாழ்க்கைக்கு இன்றியமையாத அலுவல்கள். ஆனால், காலையிலே கோயிலிற் கண்டு பேசிய தங்கையுடன் மாலையிலே தொலைபேசியிற் பேசத் தொடங்கினால் அரை மணி நேரமும் போதாமற் போகின்றது. பேசி முடித்தவரைப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்று வீட்டிலுள்ளோர் கேட்டால், "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்ற மறுமொழியே கிடைக்கும். முக்கியமான விடயத்திற்கு ஒரு நிமிடம். ஒன்றுமில்லாத விடயத்திற்கு அரை மணி நேரம்! இது முரண்பாடு போலத் தோன்றுகின்றது. இம்முரண்பாட்டின் காரணத்தை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

தமிழ்மொழியிலே பேச்சுத் தொழிலைக் குறிப்பதற்குப் பல சொற்கள் உண்டு. சொல்லுதல், கூறுதல், செப்புதல், மொழிதல், உரைத்தல் என்பன ஒருவர் ஒரு பொருளை மற்றொருவருக்கு அறிவித்தலைக் குறிக்கும். அளவளாவுதல் என்னும் சொல்லின் பொருள் வேறு. அங்கே அறிவிக்கப்படும் பொருள் பெரிதன்று. இருவர் மனமும் கலந்து நிற்றலே பெரிது. திருவள்ளுவர் இச்சொல்லைச் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்திலே, உறவினரைத் தழுவி வாழ்தலைப் பற்றிக் கூறுமிடத்தில் ஆண்டிருப்பது கருதத்தக்கது. நம் நாட்டிலே வடக்குக் கிழக்குப் பகுதிகளில் வாழும் மக்கள் பேசுதலைக் 'கதைத்தல்' என்றே வழங்குகின்றனர். செய்தி கூறுதலுக்கு அப்பாலும் பேச்சுக்கு ஒரு வேலை உண்டு என்பதனை நம் முன்னோர் மொழியிலேயே பதித்துவைத்திருக்கின்றனர்.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் தொலைபேசியின் வரலாறு எளிதில் விளங்கும். அக்கருவியைப் பரப்பிய நிறுவனத்தார் அதனைச் 'சொல்லும்' கருவி என்றே எண்ணினார்கள். மக்களோ அதனை 'அளவளாவும்' கருவியாக ஆக்கிக்கொண்டார்கள்.

தொலைபேசிக்கான உரிமைப் பத்திரத்தை அலெக்சாந்தர் கிரகம் பெல் பெற்றது 1876 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7 ஆம் திகதியாகும். மூன்று நாள் கழித்து, 10 ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, விளங்கத்தக்க சொற்கள் முதன்முதலாகக் கம்பி வழியே சென்றன. அவை எங்கே சென்றன? கடல் கடந்தும் செல்லவில்லை. ஊர் கடந்தும் செல்லவில்லை. அடுத்த அறையிலிருந்த தோமஸ் வாற்சன் என்னும் உதவியாளரைத் தம்மிடம் வருமாறு பெல் அழைத்தார். உலகின் முதலாவது தொலைபேசி அழைப்பு, நாள்தோறும் உடனிருந்து வேலை செய்த ஒருவருக்குச் சென்ற அழைப்பாகும்.

முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1915 ஆம் ஆண்டு சனவரி மாதம் 25 ஆம் திகதி, அமெரிக்காவின் கீழ்க்கரையையும் மேற்கரையையும் இணைக்கும் தொலைபேசிவழி திறந்துவைக்கப்பட்டது. அப்பொழுது பெல் நியூயோர்க்கிலே இருந்தார். மறுமுனையில், மூவாயிரம் மைலுக்கு அப்பால், சான் பிரான்சிஸ்கோவிலே இருந்தவர் அதே வாற்சன். பெல் பழைய சொற்களையே மீண்டும் கூறித் தம்மிடம் வருமாறு அழைத்தார். இப்பொழுது வருவதாயின் ஒரு வாரம் செல்லுமே என்று வாற்சன் விடையளித்தார். இது விழாவுக்கென ஏற்பாடு செய்யப்பட்ட உரையாடல்தான். எனினும் அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. தூரம் ஓர் அறையிலிருந்து ஒரு கண்டமாகப் பெருகியது. பேசப்பட்டவர் மாறவில்லை.

பெல்லின் வாழ்க்கையிலே நெஞ்சைத் தொடும் வேறொரு செய்தியும் உண்டு. அவருடைய தாயார் செவிப்புலன் குன்றியவர். அவர் மணந்த மேபல் ஹப்பாட் என்னும் அம்மையார் ஐந்து வயதளவிலே செங்காய்ச்சல் கண்டு செவிப்புலனை முற்றாக இழந்தவர். பேசுவோரின் உதட்டசைவைப் பார்த்தே சொற்களை அறிந்துகொள்பவர். 1877 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இவர்களது திருமணம் நடைபெற்றது. தொலைபேசி நிறுவனத்திலே தமக்கிருந்த பங்குகளிற் பத்தொழிய ஏனைய யாவற்றையும் பெல் தம் மனைவிக்குத் திருமணப் பரிசாக வழங்கினார். கருவியின் செல்வம் அம்மையாருக்குச் சேர்ந்தது. கருவியின் குரல் சேரவில்லை. பிரிந்திருந்த காலங்களில் இருவரும் கடிதங்கள் வாயிலாகவே அளவளாவினர். உலகத்தார் தத்தம் அன்புக்குரியவர்களுடன் நெடுநேரம் பேசுதற்கு வழி செய்தவர், தம் அன்புக்குரியவருடன் அக்கருவியிலே ஒரு சொல்லும் பேச இயலாதவராயிருந்தார்.

இனி, தொலைபேசி நிறுவனத்தார் கொண்டிருந்த எண்ணத்தைப் பார்ப்போம். அமெரிக்காவிலே அத்தொழிலைத் தொடக்கத்தில் நடத்தியோர் பலர் தந்தித் தொழிலிலே பழகியவர்கள். தந்தியின் இயல்பு நேயர்கள் அறிந்ததே. சொல்லுக்குச் சொல் காசு. சுருங்கக் கூறுதலே அங்கே சிக்கனம். மரணமும் மணமும் நாலைந்து சொற்களில் அடங்கிவிடும். இப்பழக்கத்தோடு தொலைபேசியை நோக்கியவர்களுக்கு அது பேசும் தந்தியாகவே தோன்றியது. வணிகரும் மருத்துவரும் வழக்கறிஞரும் அதனை வாங்குவர் என்றும், இல்லத்தரசிகள் கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புதற்கு அதனைப் பயன்படுத்துவர் என்றும் அவர்கள் எதிர்பார்த்தனர். உறவினர் இருவர் சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு இத்துணை அரிய கருவி வேண்டுமோ என்பது அவர்கள் கருத்து.

1909 ஆம் ஆண்டிலே, சியாற்றில் நகரத்துத் தொலைபேசி நிலைய மேலாளர் ஒருவர், குடிமனைப் பகுதியிலிருந்து சென்ற அழைப்புக்கள் சிலவற்றை ஒட்டுக்கேட்டுக் கணக்கெடுத்தார். நூற்றுக்கு 20 அழைப்புக்கள் கடைகளுக்கும் வணிக நிலையங்களுக்கும் சாமான் கேட்டுச் சென்றவை. மேலும் 20, வீட்டிலிருந்து தம் சொந்தத் தொழில் நிலையத்திற்குச் சென்றவை. விருந்துக்கும் வைபவத்துக்கும் அழைத்தவை 15. எஞ்சியவற்றுள் 30 அழைப்புக்களை வெறும் வீண்பேச்சு என்று அவர் குறித்துவைத்தார். அந்த வீண்பேச்சைக் குறைப்பது எங்ஙனம் என்பதே அவருடைய கவலை. இந்நிகழ்ச்சியை, தொலைபேசியின் சமூக வரலாற்றை ஆராய்ந்த கிளாட் பிஷர் என்னும் அமெரிக்க அறிஞர் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டியிருக்கின்றார்.

மேலாளரின் கவலைக்கும் காரணம் இல்லாமலில்லை. மாதத்திற்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் அறவிடப்பட்ட இடங்களிலே, நீண்ட பேச்சினால் நிறுவனத்திற்கு மேலதிக வருமானம் இல்லை. கம்பி வழிகளோ சில. ஒருவர் அரை மணி நேரம் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆதலால் வீண்பேச்சு நிறுவனத்திற்கு நட்டம். ஆனால் மக்கள் கேட்டாரல்லர். நாட்டுப்புறங்களிலே பல வீடுகள் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒரு வீட்டார் பேசுவதை மற்ற வீட்டார் கேட்க முடியும் என்று தெரிந்திருந்தும், தனித்தனிப் பண்ணைகளில் வாழ்ந்த குடும்பங்கள் மாலை வேளைகளிலே அக்கம்பியிற் கூடிப் பேசின.

காலப்போக்கிலே நிறுவனத்தாரும் மனம் மாறினர். அன்று மேலாளர் ஒருவர் வீண்பேச்சென்று கணக்கிட்ட அதே பேச்சினை, சரியாக எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1979 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பெருந்தொலைபேசி நிறுவனம் தன் விளம்பரத்தின் மையப்பொருளாக்கியது. தூரத்திலிருக்கும் அன்பரைக் கைநீட்டித் தொடுங்கள் என்னும் கருத்தமைய அவ்விளம்பரம் எழுந்தது. வணிக அலுவலைப் பற்றி அதில் ஒரு பேச்சுமில்லை. அந்நாட்டிலே அன்னையர் நாள் நெடுங்காலமாகத் தொலைபேசி அழைப்புக்கள் மிகுந்த நாட்களுள் ஒன்றாக விளங்கியது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

அங்ஙனமாயின், நீண்ட பேச்சு யாருக்கும் யாருக்கும் இடையே நிகழ்கின்றது? இவ்வினாவை ஆராய்ச்சியாளர் பல நாடுகளிலே எழுப்பியிருக்கின்றனர்.

அவுஸ்திரேலியாவிலே அன் மொயல் என்னும் அம்மையார் பெண்கள் இருநூற்றுவரிடம் அவர்தம் தொலைபேசிப் பழக்கத்தை விசாரித்து, அதன் முடிவை 1992 ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். அவர் அழைப்புக்களை இரண்டாக வகுத்தார். ஓர் அலுவலை முடித்தற்காகச் செய்யப்படுவன ஒருவகை. பேசுதலையே பயனாகக் கொண்டு செய்யப்படுவன மற்றொருவகை. முதல்வகை சிலவாயும் குறுகியவாயும் இருந்தன. இரண்டாம்வகை பலவாயும் நீண்டனவாயும் இருந்தன. அந்நீண்ட அழைப்புக்களிலே தலையாயது தாய்க்கும் மகளுக்கும் இடையே நிகழும் பேச்சாகும். குடும்பத்தின் நோய்நொடி, பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு, அயலார் சுகதுக்கம் ஆகியன எல்லாம் இப்பேச்சின் வழியாகவே கவனிக்கப்பட்டன. விலகி வாழும் உறவினரையும் நண்பரையும் கொண்டு மனத்தளவிலே ஓர் அயலைத் தொலைபேசி அமைத்துக் கொடுத்தது என்பது அவர் கண்ட முடிபு.

2012 ஆம் ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஐரோப்பிய நாடொன்றின் ஏறக்குறைய 32 இலட்சம் கைத்தொலைபேசிப் பாவனையாளரின் ஏழு மாதப் பதிவுகளை ஆராய்ந்தது. பெயரும் பேச்சும் அதில் இல்லை. யார் யாரை எத்தனை முறை தொடர்புகொண்டார், அவர்தம் வயது யாது, ஆணா பெண்ணா என்பன மாத்திரமே இருந்தன. இளமைப் பருவத்திலே ஒரு பெண் மிகுதியாகத் தொடர்புகொள்பவர் அவள் வயதை ஒத்த ஓர் ஆடவர். அவரைக் காதலர் அல்லது கணவர் எனக் கொள்ளலாம். பெண்ணின் வயது ஐம்பதை நெருங்க நெருங்க அந்த முதலிடம் மாறுகின்றது. ஒரு தலைமுறை இளையவளான வேறொரு பெண் அங்கே வந்து அமர்கின்றாள். அவள் மகளாக இருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளரின் கருத்து. மகள் தாயாகும் பருவமும் ஏறக்குறைய அதுவேயாகும். பேறுகாலத்திலும் பிள்ளை வளர்ப்பிலும் தாயின் துணையை நாடும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

பெண்களே தொலைபேசியில் நெடுநேரம் பேசுகின்றனர் என்று நகைப்பது பல நாடுகளிலும் உள்ள பழக்கம். அந்நகைப்பினை ஆராய்ந்து பார்த்தவர்கள் பிரான்சிலே உளர். ஸ்மொரெடா, லிக்கோப் என்னும் இருவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வீட்டுத் தொலைபேசி அழைப்புக்களைப் பற்றியது. பெண்கள் பேசும் நேரம் மிகுதி என்பது அங்கும் காணப்பட்டது. ஆனால் ஓர் அழைப்பு நீள்வதும் குறுகுவதும் அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிலும், அழைக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆடவரும் ஒரு பெண்ணை அழைக்கும்பொழுது நெடுநேரம் பேசினர். நகைப்பதற்குமுன் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பேச்சு நீள்வது ஒருவருடைய நாவின் நீளத்தினால் என்று கொள்வது தவறு. மறுமுனையிலே செவி கொடுப்பவர் ஒருவர் இருப்பதனாலேயே அது நீள்கின்றது. ஒரு குடும்பத்திலே யார் வீட்டுச் செய்தியும் தெரிந்தவர், யார் கவலையும் கேட்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாகவே இருக்கின்றார். அவருடைய தொலைபேசி நெடுநேரம் ஓயாதிருப்பதிலே வியப்பில்லை.

இனி, ஒன்றுமில்லாத விடயம் நெடுநேரம் பேசப்படுவது ஏன் என்ற முதல் வினாவுக்கு வருவோம். மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர் பசிபிக் பெருங்கடலிலுள்ள துரோபிரியந்துத் தீவுகளிலே அம்மக்களோடு உடனுறைந்து ஆராய்ந்தவர். பேச்சுக்களிலே ஒருவகை, எந்தச் செய்தியையும் அறிவிப்பதற்கன்றி, உடனிருப்போரிடையே உறவுப்பிணைப்பை உண்டாக்குவதற்காகவே பேசப்படுகின்றது என்று 1923 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையிலே அவர் எடுத்துரைத்தார். 'சாப்பிட்டாயா?' என்று கேட்கின்றோம். மறுமொழி யாதாயினும் நம் அலுவல் அதனால் மாறப்போவதில்லை. உன்னை நினைத்தேன் என்பதே அவ்வினாவின் பொருள். 'அங்கே மழையோ?' என்று கேட்பதும் அத்தகையதே. செய்திக்கு ஓர் அளவு உண்டு. சொல்லி முடிந்தவுடன் அது தீர்ந்துவிடும். உறவுக்கு அத்தகைய முடிவில்லை. ஆகவே செய்தியைப் பற்றிய பேச்சு குறுகுகின்றது. உறவைப் பேணும் பேச்சு நீள்கின்றது.

இதனை மற்றொரு வகையாலும் காணலாம். வானொலியிலே பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். கேட்பவரின் மறுமொழி பேசுபவருக்குக் கேட்பதில்லை. தொலைபேசியிலோ, ஒருவர் பேசும்பொழுது மற்றவர் 'ஓம்', 'ம்', 'பிறகு?' என்று இடையிடையே கூறிக்கொண்டிருத்தல் வேண்டும். அந்த 'ம்' சிறிது நேரம் கேளாவிட்டால், "கேட்கிறதோ?" என்று வினவுகின்றோம். முகங்காணாத இடத்திலே அந்த ஓரெழுத்தே முகமாக விளங்குகின்றது.

பேச்சை முடிப்பதும் எளிதன்று. செக்லோவ், சாக்ஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், உரையாடல்கள் எவ்வாறு முடிவுபெறுகின்றன என்பதை ஆராய்ந்து 1973 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எவரும் திடீரெனப் பேச்சை அறுத்துவிடுவதில்லை. 'சரி' என்பது போன்ற ஒரு சொல்லை முதலிலே கூறி, மற்றவருக்குச் சொல்ல வேண்டியது ஏதேனும் எஞ்சியிருக்கின்றதா என்று பார்த்து, இல்லையாயின் விடைபெறுகின்றனர். நம்மவர், "சரி, வேறை என்ன?" என்று கேட்பதும் இதுவேயாகும். அச்சொல் வாயிலைச் சாத்துவதற்காக எழுந்தது. ஆனால் வாயில் சாத்தப்படுமுன் ஒருமுறை நன்றாகத் திறக்கப்படுகின்றது. பத்து நிமிடம் மழையையும் மரக்கறி விலையையும் பற்றிப் பேசியவர், இந்த "வேறை என்ன?" என்ற கேள்விக்குப் பின்னரே, வைத்தியசாலையிலே எழுதிக் கொடுத்த பரிசோதனையைப் பற்றியோ, மகனின் வேலை போனதைப் பற்றியோ மெல்லக் கூறத் தொடங்குகின்றார். நெடுநேரம் பேசாதவரிடம் இந்தச் செய்தி வந்து சேர்வதில்லை. வீண்பேச்சு என்று தள்ளிய பகுதி, மெய்ப்பேச்சுக்கு இட்ட பாதையாயிருத்தல் கூடும்.

தூரம் இதில் என்ன செய்கின்றது? தூர அழைப்பு ஒரு காலத்திலே பெருஞ்செல்வருக்கே உரியதாயிருந்தது. 1927 ஆம் ஆண்டு சனவரி மாதம் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே சேவை தொடங்கியபொழுது மூன்று நிமிடத்திற்குக் கட்டணம் 15 பவுண். 1956 ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் கடலினடியில் முதலாவது தொலைபேசிக் கம்பி இடப்பட்டபொழுது அதில் 36 வழிகளே இருந்தன. அத்தகைய நிலையிலே எவரும் நெஞ்சில் உள்ளதை எல்லாம் பேச இயலாது. கட்டணம் குறைந்தபின் நிலைமை மாறியது. பிரான்சிலே வீடு மாறிச் சென்றவர்களை ஆராய்ந்தபொழுது, தூரம் கூடக்கூட அழைப்புக்களின் எண்ணிக்கை குறைந்தது. ஒவ்வோர் அழைப்பின் நீளமோ கூடியது. அடிக்கடி காண முடியாத குறையை நீண்ட பேச்சினால் ஈடுசெய்தனர் போலும்.

இந்த உண்மையை நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க ஆய்வு வேண்டியதில்லை. 1983 ஆம் ஆண்டு யூலை மாத வன்செயல்களுக்குப் பின்னர் பல்லாயிரவர் நாடு விட்டுச் சென்றனர். போர்க்காலத்திலே, வெள்ளவத்தை போன்ற இடங்களில் இருந்த தொலைத்தொடர்பு நிலையங்களிலே, வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் அழைப்புக்காகத் தாய்மார் காத்திருந்தனர். பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ்க் கடைகளிலே தொலைபேசி அட்டைகள் விற்கப்பட்டன. அட்டையின் நிமிடங்கள் தீருமுன் பேசி முடித்தல் வேண்டும். "எப்படிச் சுகம்?" என்று கேட்டு அழுது முடிப்பதற்குள் நிமிடங்கள் தீர்ந்துபோனதும் உண்டு. இப்பொழுது வட்ஸ்அப், வைபர் முதலிய வசதிகளினால் நிமிடக் கணக்கு மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலே காலை ஆறு மணி ஆகும்பொழுது ரொறன்ரோவிலே முதல்நாள் இரவு ஏழரை அல்லது எட்டரை மணி. இங்கே தாயார் அடுப்பிலே தேநீருக்கு நீர் வைக்க, அங்கே மகள் இராச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க, இருவர் நடுவிலும் தொலைபேசி திறந்தபடி இருக்கின்றது. பேச்சும் சில வேளை நின்றுவிடுகின்றது. கரண்டியின் ஓசை மாத்திரம் கேட்கின்றது. உடனிருத்தல் என்பதற்கு இதனிலும் வேறு விளக்கம் வேண்டுமோ?

தெற்காசியாவிலே முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே தொடங்கப்பட்டது. பின்னாளிலே, கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம், இலங்கை, இந்தியா உட்பட ஆசிய நாடுகள் ஐந்திலே வருமானம் குறைந்த மக்களின் தொலைபேசிப் பாவனையை 2006 ஆம் ஆண்டில் ஆராய்ந்தது. ஏழைகள் தொழிலுக்கும் சந்தை விலை அறிதற்குமே தொலைபேசியை முதன்மையாகப் பயன்படுத்துவர் என்று எண்ணியிருந்தோர் உளர். ஆய்விலே முதன்மையாக நின்றது குடும்பத்தாரோடும் நண்பரோடும் தொடர்பு வைத்திருத்தலே. கையிற் காசு குறைந்தவரும் அளவளாவுதற்கே முதலிடம் கொடுத்தனர்.

நேயர்களே, இதுவரை கூறியவற்றிலே மகிழ்ச்சிக்குரிய பகுதி மிகுதி. கவலைக்குரிய பகுதி ஒன்றும் உண்டு. 2014 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆய்வு, பிரித்தானியாவிலே பாடசாலைப் படிப்பை முடித்து வெளியேறிய மாணவர் 24 பேரின் தொலைபேசி அழைப்புக்களைப் பதினெட்டு மாதகாலம் தொடர்ந்து கவனித்தது. ஒவ்வொருவரும் பலரை அறிந்திருந்தனர். ஆயினும் அழைப்புக்களிலே பெரும்பங்கு மிக நெருங்கிய ஒரு சிலருக்கே சென்றது. முதலாமவருக்கு இவ்வளவு, இரண்டாமவருக்கு இவ்வளவு என்னும் பங்கீடு ஆளுக்கு ஆள் வேறுபட்டது; ஆனால் ஒருவருடைய பங்கீடு, அவருடைய கைரேகை போல, மாறாமல் நின்றது. மாணவர் புதிய ஊர்களுக்குச் சென்றனர். புதிய நண்பரைப் பெற்றனர். புதியவர் முன்வரிசைக்கு வந்தபொழுது பழையவர் பின்வரிசைக்குச் சென்றனர். வரிசையின் அமைப்போ மாறவில்லை.

இதன் பொருள் யாது? நீண்ட பேச்சுக்கு நம்மிடம் உள்ள இடங்கள் மிகச் சில. கட்டணம் குறைந்தாலும், கருவி மலிந்தாலும், அவ்விடங்கள் பெருகுவதில்லை. நாளுக்கு நேரமும் நெஞ்சுக்கு ஆற்றலும் ஓர் அளவினவே. ஆதலால், ஒருவர் அவ்விடத்துக்கு வரும்பொழுது மற்றொருவர் அங்கிருந்து விலகுகின்றார். அவ்வாறு விலகுபவர் சண்டையிட்டு விலகுவதில்லை. அவருக்கே தெரியாமல் விலகுகின்றார். அரை மணி நேரப் பேச்சு பத்து நிமிடமாகி, பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகி, பின்னர்த் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் அனுப்பும் படம் ஒன்றாக முடிகின்றது. பெரும்பாலும் அவ்வாறு பின்வரிசைக்குச் செல்பவர் முதியவர். அவருடைய வரிசையிலோ நாம் முதலிடத்திலேயே இருந்துகொண்டிருக்கின்றோம்.

முன்வரிசை முழுவதும் வெறுமையாகக் கிடப்போரும் உளர். அத்தகையோரை எண்ணியே இலண்டன் நகரத்துக் குருவானவர் சாட் வரா என்பவர், 1953 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, வாழ்வை வெறுத்தவர் தம்மை அழைத்துப் பேசுதற்கென ஒரு தொலைபேசியை அமைத்தார். தம்மிடம் ஆலோசனை பெற வந்து காத்திருந்தோர், அங்கே தொண்டுசெய்த சாதாரண மக்களிடம் தம் துயரைப் பேசிய அளவிலேயே ஆறுதலடைவதை அவர் கண்டார். அடுத்த ஆண்டு பெப்புருவரி மாதத்திலே அழைப்புக்களை ஏற்கும் பணியை அத்தொண்டரிடமே ஒப்படைத்தார். அவர்களிடம் மருத்துவ அறிவு இல்லை. சட்ட அறிவு இல்லை. செவி மாத்திரம் இருந்தது. அதே வழியிலே நம் நாட்டிலும் 1974 ஆம் ஆண்டில் சுமித்ரயோ என்னும் அமைப்பு தோன்றித் தொண்டாற்றி வருகின்றது. முன்பின் அறியாத ஒருவருடன் தொலைபேசியிலே பேசுவது சிலருக்கு உயிரைத் தாங்கும் துணையாகின்றது. சும்மா பேசுதல் வீண் என்று கூறுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் நலம்.

ஆகவே, யாருடன் நெடுநேரம் பேசுகின்றோம் என்ற வினாவுக்கு விடை இதுதான். நமக்கு மிகவும் வேண்டிய மூவர் நால்வருடன் பேசுகின்றோம். அவர் அடுத்த தெருவில் இருந்தாலும் அடுத்த கண்டத்தில் இருந்தாலும், நாம் அவரிடம் நாடுவது புதிய செய்தியை அன்று. பழைய உறவையே நாடுகின்றோம். நம் கைத்தொலைபேசி ஒவ்வோர் அழைப்பின் நீளத்தையும் தானே குறித்துவைக்கின்றது. இன்றிரவு ஓய்வு கிடைக்கும்பொழுது அக்குறிப்பை ஒருமுறை பார்க்கலாம். நெடுநேரம் பேசியவர் பெயரைப் பார்த்து மகிழலாம். ஒரு காலத்தில் நெடுநேரம் பேசி, இப்பொழுது இரண்டு நிமிடத்தில் நிற்பவர் பெயரும் அதில் இருக்கும். அவரை அழைப்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டியதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் போதும். வேறை என்ன என்று கேட்டபின் சற்றுப் பொறுத்திருந்தால் போதும்.